லுகேமியாவில் மரபணு மாற்றங்கள்: மருந்து ஒருவருக்குக் கேட்கிறது, இன்னொருவருக்கு ஏன் கேட்பதில்லை?

லுகேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய், என்று உறுதியான சில நாட்களில் கையில் ஒரு மரபணு ரிப்போர்ட் வந்து சேரும். எழுத்தும் எண்ணும் கலந்த பெயர்கள், சதவீதங்கள், கடைசியில் 'சாதகம்' அல்லது 'பாதகம்' என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்துவிட்டுத் தூக்கம் தொலைப்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளும் பதில்களும் கீழே. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம்: எந்த மரபணு மாற்றமும் தன்னளவில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. என்ன மருந்து கொடுக்கப் போகிறார்கள் என்பதோடு சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

ஒரே நோய், ஒரே மருந்து. அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

பெயர்தான் ஒன்று, நோய் ஒன்றில்லை. வேகமாக முற்றுவது, மெதுவாக முற்றுவது, மைலாய்டு செல்லில் தொடங்குவது, லிம்பாய்டு செல்லில் தொடங்குவது என்று பிரித்து ஏஎம்எல் (வேகமான மைலாய்டு), ஏஎல்எல் (வேகமான லிம்பாய்டு), சிஎம்எல் (மெதுவான மைலாய்டு), சிஎல்எல் (மெதுவான லிம்பாய்டு) என நான்கு பெரிய வகைகள் சொல்வார்கள். ஆனால் ஏஎம்எல் என்ற ஒரு பெயருக்குள்ளேயே மரபணு அளவில் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட நோய்கள் இருக்கின்றன. எலும்பு மஜ்ஜையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அவற்றில் பல ஒன்றுபோலவே தெரியும்.

கீமோ மருந்துகள் பெரும்பாலும் செல்லின் டிஎன்ஏவைச் சேதப்படுத்துகின்றன, அல்லது அது நகலாவதைத் தடுக்கின்றன. ஆனால் அந்தச் சேதம் மட்டும் செல்லைக் கொன்றுவிடாது. 'இனி தேறாது' என்று செல்லே முடிவு செய்து தன்னை அழித்துக்கொள்ள வேண்டும். அந்த முடிவை எடுக்க வைக்கும் மரபணு பழுதாகியிருந்தால், மருந்து உள்ளே போயும் செல் சாகாது. இதற்கு நேர்மாறாக, சில லுகேமியா செல்கள் ஒரே ஒரு தவறான புரதத்தை நம்பியே பிழைக்கின்றன. அந்தப் புரதத்தை அடைக்கும் மாத்திரை ஒன்று இருந்துவிட்டால் போதும், நோயே அடங்கிவிடும். மற்ற மாற்றங்கள் எல்லாம் இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் எங்கோ இருக்கின்றன.

இது பரம்பரையாக வந்ததா?

பெரும்பாலும் இல்லை. ரிப்போர்ட்டில் இருப்பது லுகேமியா செல்லில் மட்டும் பிற்பாடு ஏற்பட்ட மாற்றம். பிள்ளைகளுக்குப் போகாது. விதிவிலக்குகள் உண்டு, கடைசிக் கேள்வியில் வருகின்றன.

குரோமோசோம் சோதனை, ஃபிஷ், பிசிஆர், என்ஜிஎஸ்... எதற்கு இத்தனை?

ஒன்று பார்ப்பதை இன்னொன்று பார்க்காது என்பதால்தான். குரோமோசோம் சோதனையில் பெரிய உடைப்புகளும் இடமாற்றங்களும் தெரியும். ஆனால் செல்கள் பிரிந்துகொண்டிருக்க வேண்டும், முடிவு வர ஒரு வாரம் ஆகலாம். ஃபிஷ் சோதனை, தேடச் சொன்னதை மட்டும் வேகமாகத் தேடும். பிசிஆர் சோதனையில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கலாம், அதனால் சிகிச்சையின்போது திரும்பத் திரும்பச் செய்ய அது வசதி. என்ஜிஎஸ் ஒரே சமயத்தில் பல மரபணுக்களை எழுத்து எழுத்தாகப் படிக்கும். முடிவு வர வாரக்கணக்கில் ஆவதும் உண்டு. ஒரு சோதனையில் 'நார்மல்' என்று வந்தால் அந்தச் சோதனையின் கண்ணுக்கு எதுவும் படவில்லை என்றுதான் பொருள். குரோமோசோம் நார்மலாக உள்ள ஏஎம்எல் நோயாளிகளிடம்தான் என்பிஎம்1, எஃப்எல்டி3 போன்ற மரபணுக்களின் மாற்றங்கள் அதிகம் கிடைக்கின்றன.

'பிலடெல்பியா பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

எந்த ஆண்டில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது என்று சொன்னால் வேடிக்கையாக இருக்கும், ஆனால் உண்மை அதுதான்.

1960-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் என்ற இருவர் சிஎம்எல் நோயாளிகளின் செல்களில் வழக்கத்தைவிடக் குட்டையான ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் அது உருவானது என்பதை 1973-ல் ஜேனட் ரௌலி காட்டினார். இந்த இடமாற்றத்தில் ஏபிஎல் என்ற மரபணு இன்னொரு மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. அதிலிருந்து பிறக்கும் புரதம், அணைக்க முடியாமல் மாட்டிக்கொண்ட சுவிட்ச் போல, 'பெருகு, பெருகு' என்று செல்லை விரட்டிக்கொண்டே இருக்கும்.

அந்தப் புரதத்தை அடைக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முன் சிஎம்எல் சில ஆண்டுகளில் தீவிர நிலைக்கு மாறி உயிரை எடுக்கும் நோய். இமாட்டினிப் தொடங்கியவர்களைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வில் 10 ஆண்டு முடிவில் சுமார் 83 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். நோய் நீண்ட காலம் மிக ஆழமாக அடங்கியிருந்தால், கண்காணிப்போடு மாத்திரையை நிறுத்திப் பார்க்கவும் செய்கிறார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது திரும்புவதில்லை. திரும்பியவர்களுக்கும் மாத்திரையை மறுபடி ஆரம்பித்தால் பெரும்பாலும் கேட்கிறது.

இதே மாற்றம் ஏஎல்எல் வகையிலும் வரும், பெரியவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு. அங்கே இது ஒரு காலத்தில் மிக மோசமான செய்தி. இப்போது இதே குடும்பத்து மாத்திரையைக் கீமோவோடு சேர்க்கிறார்கள். தசாட்டினிப் மாத்திரையையும் பிலினாட்டுமோமாப் என்ற ஆன்டிபாடி மருந்தையும் சேர்த்து, வழக்கமான கீமோ இல்லாமலேயே நல்ல பலன் கண்ட ஆய்வும் உண்டு. குரோமோசோம் 1960-ல் இருந்த அதேதான். மருந்து வந்ததும் அதன் அர்த்தம் மாறிவிட்டது.

மாத்திரை நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது சோதனையில் நோயின் அளவு ஏறுகிறது. ஏன்?

மரபணுவைச் சந்தேகிப்பதற்கு முன் ஒரு சங்கடமான கேள்வி: மாத்திரையைத் தவறாமல் எடுத்துக்கொள்கிறீர்களா? சிஎம்எல்லில் பலன் குறைவதற்கு மிகச் சாதாரணமான காரணங்களில் ஒன்று மாத்திரை விட்டுப்போவது. டாக்டர் கேட்டால் கோபப்படாமல் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

அது சரியாக இருந்தால், ஏபிஎல் புரதத்திலேயே புதிய மாற்றம் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். மருந்து போய் உட்காரும் குழியின் வடிவம் மாறிவிட்டால் மருந்து ஒட்டாது. இதில் பெயர்போனது டி315ஐ மாற்றம். இமாட்டினிப், தசாட்டினிப், நிலோட்டினிப், போசுட்டினிப் நான்குமே அதனிடம் தோற்கும். பொனாட்டினிப் கேட்கும். புரதத்தின் வேறொரு இடத்தில் ஒட்டும் அசிமினிப் மருந்தும் கூடுதல் அளவில் கேட்கும். எந்த மாற்றம் என்று தெரியாமல் ஒரு மாத்திரையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது காலவிரயம்.

சில நோயாளிகளுக்கு ரிப்போர்ட் வரும் முன்பே அவசரமாக மருந்து தொடங்குகிறார்களே?

அது பெரும்பாலும் ஏபிஎம்எல் எனப்படும் புரோமைலோசைடிக் லுகேமியா என்ற சந்தேகத்தால். ஏஎம்எல்லின் ஒரு கிளை இது. 15-ஆம், 17-ஆம் குரோமோசோம்களுக்கு இடையே நடக்கும் இடமாற்றத்தில் பிஎம்எல்-ராரா என்ற இணைவு உருவாகி, செல் முதிர்ச்சி அடையாமல் பாதியில் நின்றுவிடும். முதல் சில நாட்களில் மூளையிலோ நுரையீரலிலோ ரத்தக்கசிவு ஏற்பட்டு உயிர் போகலாம். அதனால்தான் சந்தேகம் வந்த உடனே, உறுதியாகும் வரை காத்திராமல், ஏட்ரா என்ற மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள். இது வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம். செல்லைக் கொல்லாமல், நின்றுபோன முதிர்ச்சியைத் தொடரச் செய்கிறது. 1980-களில் ஷாங்காயில் வாங் ஷென்யி தலைமையிலான மருத்துவர்கள் இதைப் பயன்படுத்திக் காட்டினார்கள்.

அப்புறம் ஆர்சனிக். பழைய விஷம்தான், ஆனால் அதே பிஎம்எல்-ராரா புரதத்தைச் சிதைக்கிறது. வெள்ளணுக்கள் மிக அதிகம் இல்லாத நோயாளிகளுக்கு ஏட்ராவும் ஆர்சனிக்கும் மட்டும் கொடுத்த ஆய்வின் முடிவு 2013-ல் வந்தது. இரண்டு ஆண்டுகள் நோய் திரும்பாமலும் வேறு பின்னடைவு இல்லாமலும் இருந்தவர்கள் 97 சதவீதம். கீமோ சேர்த்தவர்களில் 86 சதவீதம். லுகேமியா வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான், மறைக்காமல் சொல்கிறேன்.

ஒரு நுணுக்கம்: ராரா மரபணு எப்போதும் பிஎம்எல்லோடு மட்டுமே சேர்வதில்லை. அரிதாக, 11-ஆம் குரோமோசோமில் உள்ள இன்னொரு மரபணுவோடு சேர்ந்துகொள்ளும். மைக்ரோஸ்கோப்பில் கிட்டத்தட்ட அதே தோற்றம்தான், ஆனால் ஏட்ரா கேட்காது. கூட்டாளி மாறினால் மருந்தின் கதையும் மாறுகிறது.

மற்ற ஏஎம்எல் வகைகளில் 'சாதகம்', 'இடைநிலை', 'பாதகம்' என்று எப்படிப் பிரிக்கிறார்கள்?

ஐரோப்பிய லுகேமியா கூட்டமைப்பின் 2022 பட்டியலைத்தான் பெரும்பாலான இடங்களில் பின்பற்றுகிறார்கள். 8-21 இடமாற்றம், 16-ஆம் குரோமோசோமின் தலைகீழ் திருப்பம், எஃப்எல்டி3-ஐடிடி இல்லாத என்பிஎம்1 ஆகியவை சாதகம். டிபி53 மரபணு பழுதாவது, ஒரே செல்லில் பல குரோமோசோம்கள் குலைந்திருப்பது, 5 அல்லது 7-ஆம் குரோமோசோமை இழப்பது போன்றவை பாதகம். சாதகம் என்றால் கீமோவோடு முடித்துக்கொள்ள நல்ல வாய்ப்பு. பாதகம் என்றால், உடல் தாங்குமானால், நோய் அடங்கியதும் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்குப் போகச் சொல்வார்கள்.

இங்கே பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. அந்தப் பட்டியல் தீவிரக் கீமோ எடுப்பவர்களை வைத்து உருவானது. வயதானவர்களுக்கும் உடல் தளர்ந்தவர்களுக்கும் அசாசிட்டிடின், வெனிட்டோகிளாக்ஸ் கூட்டு கொடுக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பட்டியல் சரியாகப் பொருந்தவில்லை என்று தெரிந்ததும், 2024-ல் அதே கூட்டமைப்பு தனிப் பட்டியல் வெளியிட்டது. முதல் பட்டியலில் பாதகத்தில் இருந்த சில மாற்றங்கள் இதில் சாதகம் பக்கம் வந்துவிட்டன. ஐடிஹெச்1, ஐடிஹெச்2 மாற்றம் உள்ளவர்களுக்கும் இந்தக் கூட்டு நன்றாகக் கேட்கிறது. ஆக, 'பாதகம்' என்ற சொல்லைப் பார்த்ததும் டாக்டரிடம் கேட்க வேண்டியது: எந்தச் சிகிச்சைக்குப் பாதகம்?

எஃப்எல்டி3 இருந்தால்?

ஏஎம்எல் நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு எஃப்எல்டி3-ஐடிடி இருக்கும். மரபணுவின் ஒரு துண்டு இரட்டித்து நிற்பதுதான் ஐடிடி. வெள்ளணுக்கள் மளமளவென்று ஏறும், கீமோவில் அடங்கினாலும் சீக்கிரம் திரும்பும். டிகேடி என்பது அதே மரபணுவின் வேறிடத்தில் வரும் சிறு மாற்றம், இதைவிடக் குறைவாகவே காணப்படுவது.

கீமோவோடு மிடோஸ்டாரின் சேர்த்துப் பார்த்த ஆய்வில் நான்கு ஆண்டு முடிவில் 51 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், சேர்க்காதவர்களில் 44 சதவீதம். அதிசயம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் உண்மையான முன்னேற்றம். திரும்பி வந்த நோய்க்கு கில்டெரிட்டினிப் இருக்கிறது. 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற குவிசார்ட்டினிப் ஐடிடிக்கு மட்டும், டிகேடிக்கு ஆகாது. அதனால் ரிப்போர்ட்டில் 'எஃப்எல்டி3 பாசிட்டிவ்' என்று மொட்டையாக இருந்தால் எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சிஎம்எல் போல இங்கே ஏன் மாத்திரை மட்டுமே போதவில்லை? சிஎம்எல்லில் அந்த ஒரு மாற்றம்தான் நோயின் வேர். ஏஎம்எல்லில் எஃப்எல்டி3 பெரும்பாலும் பின்னால் வந்து சேர்ந்தது. அதை வெட்டினாலும், முன்பே இருந்த மாற்றங்களோடு கீழே செல்கள் காத்திருக்கும்.

டிபி53 பற்றி நேராகச் சொல்லுங்கள்.

நேராகச் சொன்னால், ஏஎம்எல்லில் இதுதான் மிகக் கடினமானது. முதல் கேள்வியில் சொன்ன, சேதமான செல்லைச் சாகச் சொல்லும் மரபணு இதுவே. இது பழுதானால் கீமோவின் அடித்தளமே ஆடிப்போகிறது. வெனிட்டோகிளாக்ஸ் கூட்டிலும் முதலில் அடங்கலாம், நீடிப்பது குறைவு. ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைதான் நீண்ட கால வாய்ப்பு, அதிலும் பலருக்கு நோய் திரும்புகிறது. புதிய மருந்து ஆய்வுகளில் சேர முடியுமா என்று ஆரம்பத்திலேயே கேட்பது நியாயம்.

சிஎல்எல்லில் நிலைமை வேறு. டிபி53 பழுதோ, அது இருக்கும் 17-ஆம் குரோமோசோமின் துண்டு இழப்போ இருந்தால் கீமோ கொடுக்கவே கூடாது என்பது இன்று நிலைபெற்ற விதி. அவர்களுக்கு இப்ரூட்டினிப், அகலாப்ரூட்டினிப், சானுப்ரூட்டினிப் போன்ற, பிடிகே என்ற புரதத்தை அடைக்கும் மாத்திரைகள் பல ஆண்டுகள் கேட்கின்றன, ஏனென்றால் இவை கொல்வதற்கு டிபி53-ஐ நம்பியில்லை. வெனிட்டோகிளாக்ஸ் 2016-ல் அமெரிக்காவில் முதன்முதலில் அனுமதி பெற்றதே இந்த 17-ஆம் குரோமோசோம் இழப்புள்ள சிஎல்எல்லுக்குத்தான். டிபி53 பிற்பாடும் வரக்கூடும் என்பதால் ஒவ்வொரு புதிய சிகிச்சைக்கு முன்பும் சோதிக்க வேண்டும். சிஎல்எல் செல்லின் ஆன்டிபாடி மரபணுவைப் பார்க்கும் ஐஜிஹெச்வி சோதனை அப்படியில்லை, அது மாறாது, ஒரு முறை போதும்.

குழந்தைகளின் ஏஎல்எல்லில்?

பொதுவாக நல்ல செய்தி. இடிவி6-ரன்எக்ஸ்1 இணைவு ஏறக்குறைய கால்வாசிக் குழந்தைகளிடமும், குரோமோசோம் எண்ணிக்கை 50-க்கு மேல் போகும் வகை இன்னொரு கால்வாசிப் பேரிடமும் இருக்கும். இரண்டுக்கும் கீமோ மிக நன்றாகக் கேட்கும். மாறாக, எண்ணிக்கை 44-க்குக் கீழே குறைந்தால் கடினம்.

21-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி பல நகல்களாகப் பெருகும் அரிய வகை ஒன்று உண்டு. சாதாரண அளவு கீமோ கொடுத்தால் அடிக்கடி திரும்பும், அளவைக் கூட்டினால் நன்றாக அடங்கும். கெட்ட மாற்றம் என்பதைவிட, 'கொஞ்சம் பலமாகக் கொடு' என்று சொல்லும் மாற்றம் என்றே இதைப் படிக்க வேண்டும்.

ஒரு வயது நிரம்பாத சிசுக்களில் கேஎம்டி2ஏ என்ற மரபணுவின் மாற்றம் அதிகம், அதுதான் பெரிய கவலை. அங்கேயும் அசைவு தெரிகிறது: 2023-ல் வெளியான, 30 சிசுக்களைக் கொண்ட சிறு ஆய்வில் கீமோவோடு பிலினாட்டுமோமாப் சேர்த்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் 81.6 சதவீதம் பேர் நோய் திரும்பாமல் இருந்தார்கள். முந்தைய சிகிச்சை முறையில் அது 49.4 சதவீதம்.

குழந்தைக்கு மாத்திரை கொடுத்ததும் ரத்த அணுக்கள் அளவுக்கு மீறி விழுகின்றன. இதுவும் மரபணுவா?

இருக்கலாம், ஆனால் இது லுகேமியா செல்லின் மரபணு இல்லை, பிறவியிலேயே உடல் முழுவதும் இருப்பது. ஏஎல்எல்லின் நீண்ட கால சிகிச்சையில் கொடுக்கும் மெர்காப்டோபியூரின் மருந்தைச் செயலிழக்கச் செய்ய டிபிஎம்டி, நியூடி15 என்ற இரண்டு மரபணுக்கள் உதவுகின்றன. இவை பலவீனமாக இருந்தால் சாதாரண அளவே விஷமாகிவிடும். இரண்டு நகல்களும் பழுதானவர்களுக்கு வழக்கமான அளவில் ஒரு சிறு பங்கே போதும். டிபிஎம்டி பழுது ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதிகம், நியூடி15 பழுது கிழக்கு ஆசிய, தெற்கு ஆசிய மக்களிடம் அதிகம். மருந்தைக் குறைத்தால் பலனும் குறைந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். அவர்கள் உடலில் அந்தச் சிறு அளவே முழு வேலை செய்கிறது.

தொடக்க ரிப்போர்ட்டை வைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிட முடியுமா?

முடியாது. அது வாய்ப்பைச் சொல்கிறது. உண்மையில் என்ன நடந்தது என்பதை எம்ஆர்டி சோதனை சொல்லும், அதாவது அடங்கிய பிறகும் மிச்சம் இருக்கும் நோயை அளப்பது. 10,000 செல்களில் ஒன்று லுகேமியா செல்லாக இருந்தாலும் கண்டுபிடிக்கலாம். 2016-ல் வெளியான என்பிஎம்1 ஆய்வு நல்ல உதாரணம்: இரண்டாவது கீமோவுக்குப் பிறகும் ரத்தத்தில் அந்த மாற்றத்தின் தடம் இருந்தவர்களில் 82 சதவீதம் பேருக்கு மூன்று ஆண்டுகளுக்குள் நோய் திரும்பியது, இல்லாதவர்களில் 30 சதவீதம். 'சாதகம்' என்று தொடங்கியவர் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்குப் போவதும், பயந்துகொண்டே தொடங்கியவர் அது தேவையில்லாமல் தப்புவதும் இப்படித்தான்.

ஒரு எச்சரிக்கை: டிஎன்எம்டி3ஏ, டெட்2, ஏஎஸ்எக்ஸ்எல்1 ஆகிய மூன்று மரபணுக்களின் மாற்றங்களும் நோய் அடங்கிய பிறகும் ரிப்போர்ட்டில் தொடரலாம். வயதானவர்களின் ஆரோக்கியமான ரத்தத்திலும் இவை காணப்படும். இவை மட்டும் மிச்சம் இருப்பதை நோய் மிச்சம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நோய் திரும்பி வந்தால் பழைய ரிப்போர்ட் போதுமா?

போதாது, மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். மருந்தில் பிழைத்த செல்கள்தான் திரும்பி வருகின்றன, அவற்றின் மரபணு வேறாக இருக்கலாம். முதலில் இல்லாத எஃப்எல்டி3 முளைத்திருக்கலாம், இருந்தது காணாமலும் போயிருக்கலாம். ஏஎல்எல்லில் என்டி5சி2 மாற்றம் வந்தால் மெர்காப்டோபியூரின் கேட்காது. லுகேமியா செல்லின் மேலுள்ள சிடி19 என்ற அடையாளத்தைக் குறிவைக்கும் கார்-டி சிகிச்சைக்குப் (மாற்றியமைத்த எதிர்ப்பு செல்களைச் செலுத்துவது) பிறகு, அந்த அடையாளத்தையே உதறிவிட்டு வரும் செல்களும் உண்டு. பழைய குறி இல்லாத இடத்தில் பழைய அம்பால் பயனில்லை. மறுபுறம், கேஎம்டி2ஏ இடமாற்றம் உள்ள, திரும்பி வந்த லுகேமியாவுக்கு 2024-ல் ரெவுமெனிப் என்ற மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முதல் முறை இல்லாத வழி இரண்டாம் முறை திறந்திருக்கக்கூடும்.

உடன்பிறந்தவர்களைச் சோதிக்க வேண்டுமா?

எல்லோரும் வேண்டாம். ஆனால் டிடிஎக்ஸ்41, ரன்எக்ஸ்1, கேட்டா2, சிஇபிபிஏ போன்ற மரபணுக்களில் மாற்றம் இருந்து, படித்த நகல்களில் ஏறக்குறைய 50 சதவீதத்தில் அது இருப்பதாக ரிப்போர்ட் காட்டினால், பிறவியிலேயே வந்ததா என்று பார்ப்பது நல்லது. குடும்பத்தில் வேறு யாருக்காவது ரத்தப் புற்றுநோய் இருந்தால் இன்னும் அவசியம். இதற்கு ரத்தமோ எச்சிலோ சரிப்படாது, இரண்டிலும் லுகேமியா செல்கள் கலந்திருக்கும். தோலிலிருந்து சிறு துண்டு எடுத்து செல்களை வளர்த்துச் சோதிப்பார்கள். அண்ணனோ தங்கையோ ஸ்டெம் செல் கொடுக்க முன்வந்திருந்தால் இந்த முடிவு அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். அதே பிறவி மாற்றம் அவர்களிடமும் இருந்து, தெரியாமல் அந்த செல்களைச் செலுத்திவிட்டால், நன்கொடையாக வந்த செல்களிலிருந்தே பிற்பாடு லுகேமியா உருவான நிகழ்வுகள் உண்டு.